பாடத்திட்டக் குழுவினருக்கு: அந்த 3,000 அட்டைகளைத் திருப்பிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

முதலாமாண்டு மாணவர்களுக்கான 'நிகழ்தகவும் புள்ளியியல் உய்த்துணர்வும்' தாளின் திருத்தப்பட்ட வரைவைப் படித்தேன். புதிதாக மூன்று புள்ளியியல் சோதனைகள் சேர்ந்திருக்கின்றன. அவற்றுக்கு இடம் வேண்டும் என்பதற்காக நிபந்தனை நிகழ்தகவுக்கான (ஒன்று நடந்தது என்றால் மற்றொன்று நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பதற்கான) நேரம் பாதியாகியிருக்கிறது. தனி அலகாக இருந்த கூறெடுப்புப் பரவல் (மீண்டும் மீண்டும் கூறு, அதாவது மாதிரி, எடுத்தால் சராசரி எப்படி மாறுகிறது என்ற பாடம்), இப்போது மைய எல்லைத் தேற்றத்தின் வாலில் ஒரு துணைத்தலைப்பாகத் தொங்குகிறது. பதினாறு ஆண்டுகளாக இந்தத் தாளை நடத்திவருகிறேன். வரைவு இப்படியே நிறைவேறினால் என் வேலை இன்னும் எளிதாகிவிடும்: சூத்திரத்தை எழுதிப்போட வேண்டும், அட்டவணையைப் பிரிக்க வேண்டும், முடிவை வாசிக்க வேண்டும். எளிதாகிவிடும் என்ற அச்சத்தில்தான் எழுதுகிறேன்.

சென்ற பருவத்தின் வாய்மொழித் தேர்வில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மாணவி தான் போட்ட கணக்குடன் என் முன்னால் உட்கார்ந்திருந்தார். பத்து அளவீடுகள். சராசரி, திட்டவிலக்கம், திட்டப்பிழை எல்லாம் வரிசையாக இருந்தன. டீ-மதிப்பு 2.41. ஐந்து விழுக்காட்டு மிகைகாண் நிலையில், பத்து அளவீடுகளுக்குரிய அட்டவணை எண் 2.262. '2.41 பெரியது, ஆகவே இன்மை எடுகோள் மறுக்கப்படுகிறது' என்று எழுதி, அடியில் அடிக்கோல் வைத்து இரட்டைக் கோடு போட்டிருந்தார். (விளைவோ வேறுபாடோ இல்லை என்று முதலில் வைத்துக்கொள்ளும் ஊகம்தான் இன்மை எடுகோள்.) ஒரு பிழையும் இல்லை.

"இந்த ஐந்து விழுக்காடு, எதனுடைய ஐந்து விழுக்காடு?" என்று கேட்டேன்.

"தவறு நேர்வதற்கான வாய்ப்பு, சார்."

"எந்தத் தவறு? எப்போது நேரும்?"

அட்டவணையைப் பார்த்தார். அதில் விடை இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, தெளிவான குரலில் சொன்னார்: "இன்மை எடுகோள் உண்மையாக இருப்பதற்கு ஐந்து விழுக்காடு மட்டுமே வாய்ப்பு இருக்கிறது. அதனால் மறுக்கிறோம்."

முழு மதிப்பெண் போட்டேன். மதிப்பெண் பட்டியலில் ஆறு படிகளுக்கு ஆறு கட்டங்கள் இருந்தன, ஆறும் நிரம்பிவிட்டன. அவர் சொன்ன அந்த வாக்கியம் தவறு என்று குறிப்பதற்கு ஏழாவது கட்டம் இல்லை.

உங்களில் பலருக்கு இது தெரிந்ததுதான். என்றாலும் மடல் திறந்த மடல் என்பதால் சொல்லிவிடுகிறேன். இன்மை எடுகோள் உண்மை என்று வைத்துக்கொண்டால், இந்த அளவுக்கோ இதைவிட அதிகமாகவோ விலகிய தரவு எத்தனை முறை வரும் என்பதைத்தான் அந்தச் சோதனை கணக்கிடுகிறது. அந்த எண்தான் பி-மதிப்பு; அது ஐந்து விழுக்காட்டுக்குக் கீழே போனால் மறுக்கிறோம். தரவு இப்படி இருக்கும்போது எடுகோள் உண்மையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பது வேறு கேள்வி. அதற்கு இந்தக் கணக்கில் விடையே கிடையாது. 2016இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் பி-மதிப்பைப் பற்றித் தனியாக ஓர் அறிக்கை வெளியிட்டு, இதையும் அதில் எழுதிவைக்க வேண்டியிருந்தது. ஆய்வுக் கட்டுரை எழுதும் பேராசிரியர்களே இடறும் இடத்தில் முதலாமாண்டு மாணவி இடறியதற்கு அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் நாம் வெளிச்சம் போடாமல் விட்டதைத்தான் குறை சொல்கிறேன்.

நானும் யோக்கியன் அல்ல. முதல் மூன்று ஆண்டுகள் நம்பிக்கை இடைவெளியை நான் தப்பாகவே நடத்தினேன். '48 முதல் 52 வரை என்று 95 விழுக்காட்டு இடைவெளி கிடைத்தால், உண்மைச் சராசரி அதற்குள் இருக்க 95 விழுக்காடு வாய்ப்பு' என்று கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான். நான்காம் ஆண்டில் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். "ஒரே முழுமைத் தொகுதியிலிருந்து நானும் இவனும் தனித்தனியாகக் கூறு எடுக்கிறோம், சார். எனக்கு 48 முதல் 52 வரை வருகிறது. இவனுக்கு 53 முதல் 57 வரை. என்னுடையதில் 95, இவனுடையதில் 95. கூட்டினால் 190 ஆகிறதே?"

மணி அடித்தது. அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது அந்த மணிதான்.

அன்று இரவு உட்கார்ந்து, நம்பிக்கை இடைவெளியை வகுத்த நெய்மன் 1937இல் சொன்னதை ஒழுங்காகப் படித்தேன். 95 விழுக்காடு என்பது நம் கையில் உள்ள அந்த ஒரு இடைவெளியின் குணம் அன்று, இடைவெளியைக் கட்டும் முறையின் குணம். மீண்டும் மீண்டும் கூறு எடுத்து அதே முறையில் இடைவெளி கட்டிக்கொண்டே போனால், நூற்றுக்கு ஏறத்தாழ 95 இடைவெளிகள் உண்மைச் சராசரியைப் பிடித்திருக்கும். கையில் இருக்கும் இடைவெளி பிடித்ததா தவறவிட்டதா என்பது நமக்குத் தெரியாது. ('நம்பிக்கை' என்ற சொல்லும் இங்கே நமக்கு உதவவில்லை என்பது என் எண்ணம். நம்பிக்கை என்றதும் மாணவர்கள் அந்த இடைவெளியை நம்பிவிடுகிறார்கள். 'நிகழ்தகவு' எவ்வளவு நேர்த்தியான சொல்: நிகழ்வதற்குத் தகவு. அப்படி ஒன்று இதற்கும் வாய்த்திருக்கலாம்.)

வகுப்பில் எழும் கேள்விகளின் மதிப்பு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புள்ளியியல் அறிஞர் சி. ஆர். ராவ் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் இளம் ஆசிரியராக மதிப்பிடல் கோட்பாடு நடத்திக்கொண்டிருந்தபோது, கூறு மிகப் பெரிதாக இருக்கையில் பொருந்தும் ஒரு முடிவைச் சொன்னார். சிறிய கூறுகளுக்கும் இதை நிறுவ முடியாதா என்று ஒரு மாணவர் கேட்டார். ராவ் அன்று இரவே உட்கார்ந்து நிறுவினார். 1945இல் அச்சேறிய அந்த முடிவுதான் இன்று க்ரமேர்-ராவ் எல்லை என்று உலகமெங்கும் பாடநூல்களில் இருக்கிறது. நம் வரைவு நிறைவேறினால் அப்படியொரு கேள்வி கேட்கப்படும் நேரத்தில் நாங்கள் பதினோராவது சோதனையின் சூத்திரத்தை எழுதிக்கொண்டிருப்போம்.

இப்போது தலைப்பில் சொன்ன அட்டைகளுக்கு வருகிறேன்.

டீ-சோதனையை நமக்குக் கொடுத்தவர் வில்லியம் கோசெட். டப்ளினில் கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்தவர். அவருக்குக் கிடைத்தவையெல்லாம் நான்கு, ஐந்து, பத்து அளவீடுகள் கொண்ட சிறிய கூறுகள். அன்றைக்கிருந்த முறைகளோ பெரிய கூறுகளுக்கானவை. 1908இல் 'ஸ்டூடன்ட்', அதாவது மாணவர், என்ற புனைபெயரில் அவர் எழுதிய கட்டுரையில் ஓர் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். கணித வழியில் விடை கிடைப்பதற்கு முன்பே, சோதித்துப் பார்த்து விடை காண முயன்றதாக அவரே சொல்கிறார். 3,000 குற்றவாளிகளின் உயரமும் இடது கை நடுவிரல் நீளமும் அடங்கிய அளவீடுகள் அவரிடம் இருந்தன. அவற்றை 3,000 அட்டைகளில் எழுதினார். நன்றாகக் கலைத்தார். ஒவ்வொன்றாக எடுத்து ஒரு குறிப்பேட்டில் பதிந்தார். நான்கு நான்காகப் பிரித்து 750 கூறுகள் ஆக்கினார். ஒவ்வொரு கூறுக்கும் சராசரி, திட்டவிலக்கம் கணக்கிட்டு, அவை எப்படிப் பரவுகின்றன என்று பார்த்தார். கணினி இல்லாத காலம், எல்லாம் கையால்.

அந்த மனிதர் அட்டைகளைக் கலைத்துக் கண்டதைத்தான் நாம் ஓர் அட்டவணையின் ஒரு வரியாகச் சுருக்கி மாணவர் கையில் கொடுக்கிறோம். 2.262 எங்கிருந்து வந்தது என்று கேட்டால், புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலிருந்து வந்தது என்பார்கள். அட்டவணையைக் கொடுத்தது தவறில்லை. அட்டைகளைப் பிடுங்கிக்கொண்டு கொடுத்ததுதான் தவறு.

கடைசி வரிசை மாணவர் கேட்ட கேள்விக்குப் பிறகு, பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு வேலையை ஆண்டுதோறும் திருட்டுத்தனமாகச் செய்துவருகிறேன். ஒரு பெட்டியில் 500 அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஓர் எண். 500 எண்களின் சராசரி எனக்குத் தெரியும், வகுப்புக்குத் தெரியாது. நாற்பது மாணவர்களும் ஆளுக்குப் பத்து அட்டை எடுத்து, எண்களைக் குறித்துக்கொண்டு, அட்டைகளைப் பெட்டியில் திரும்பப் போட வேண்டும். ஒவ்வொருவரும் 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி கணக்கிட்டு, கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடைக்கோடு வரைவார்கள். நாற்பது கோடுகளும் வந்த பிறகு உண்மைச் சராசரியில் ஒரு செங்குத்துக் கோடு இழுப்பேன். பெரும்பாலான கிடைக்கோடுகளை அது வெட்டிக்கொண்டு போகும். ஒன்று, இரண்டு, சில ஆண்டுகளில் மூன்று, எட்டாமல் தள்ளி நிற்கும்.

கோடு எட்டாத மாணவரின் முகத்தை அப்போது நீங்கள் பார்க்க வேண்டும். சென்ற ஆண்டு ஒரு மாணவர் வகுப்பு முடிந்த பிறகும் போகவில்லை. மூன்று முறை திரும்பக் கணக்குப் போட்டார். கூட்டலைச் சரிபார்த்தார், வர்க்கமூலத்தைச் சரிபார்த்தார், பக்கத்து மாணவரிடம் கொடுத்தும் பார்க்கச் சொன்னார். கடைசியில் என்னிடம் வந்து, "என் கணக்கில் எங்கே தப்பு, சார்?" என்றார்.

"எங்கேயும் இல்லை" என்றேன்.

"அப்படியானால் ஏன் தவறியது?"

"நீ எடுத்த பத்து அட்டைகள் அப்படி."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "அந்தச் செங்குத்துக் கோட்டை நீங்கள் வரையாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது, இல்லையா?" என்றார். புள்ளியியல் உய்த்துணர்வு என்ற முழுத் தாளையும் அந்த ஒரு வாக்கியத்தில் அவர் சொல்லிவிட்டதாக எனக்குத் தோன்றியது. வெளி உலகில் யாரும் நமக்குச் செங்குத்துக் கோடு வரைந்து காட்டப்போவதில்லை. இதற்கு எனக்கு ஆகும் நேரம் இரண்டு மணி. வரைவில் அந்த இரண்டு மணி நேரம் இல்லை.

நிபந்தனை நிகழ்தகவைக் குறைத்ததுதான் எனக்கு இன்னும் புரியவில்லை. மேலே சொன்ன மாணவி செய்த பிழை என்ன? 'எடுகோள் உண்மையானால் இந்தத் தரவு' என்பதை 'இந்தத் தரவு இருந்தால் எடுகோள் உண்மை' என்று புரட்டிப் போட்டதுதான். இது பத்தாவது வாரத்துப் பிழை அன்று, மூன்றாவது வாரத்துப் பிழை. அங்கே வேர் பிடிக்கவிட்டு இங்கே இலையைக் கிள்ளுகிறோம்.

அதே புரட்டல் வகுப்பறைக்கு வெளியே என்ன செய்யும் என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. இங்கிலாந்தில் பச்சிளங்குழந்தைகள் இருவரை இழந்த ஒரு தாய், அவர்களைக் கொன்றதாக 1999இல் தண்டிக்கப்பட்டார். நிபுணராகச் சாட்சி சொன்ன மருத்துவர், அந்தத் தாயின் குடும்பத்தைப் போன்ற ஒரு குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் திடீரென இறக்க 8,543இல் ஒரு வாய்ப்பு என்றார். இரண்டு குழந்தைகளுக்கு அதையே அதனால் பெருக்கி, ஏறத்தாழ 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என்றார். இரண்டு மரணங்களும் சார்பற்ற நிகழ்ச்சிகளாக இருந்தால்தான் பெருக்கலாம். ஒரே வீடு, ஒரே பெற்றோர், ஒரே மரபணுக்கள். சார்பற்றவை என்று யார் சொன்னது? அது முதல் பிழை. இரண்டாவது இன்னும் மோசம். குற்றமற்றவராக இருந்தால் இப்படி நேர்வது அரிது என்பதை, இப்படி நேர்ந்திருப்பதால் அவர் குற்றமற்றவராக இருப்பது அரிது என்று கேட்பவர்கள் எளிதாக எடுத்துக்கொள்வார்கள். ஒரு தாய் இரண்டு குழந்தைகளைக் கொல்வதும் அரிதுதான். ஒப்பிட வேண்டியது அந்த இரண்டு அரிதுகளையும். 2001இல் அரச புள்ளியியல் சங்கம் அந்தக் கணக்குக்குப் புள்ளியியல் அடிப்படை இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னது. 2003இல் மேல்முறையீட்டில் அந்தத் தாய் விடுதலையானார். வெளியிடப்படாமல் இருந்த மருத்துவச் சோதனை முடிவுகளும் அதற்குக் காரணம். அந்த நீதிமன்றத்தில் இருந்தவர்களில் ஒருவருக்காவது மூன்றாவது வாரத்துப் பாடம் ஒழுங்காக நடந்திருந்தால் என்று நினைத்துக்கொள்வேன்.

இதை நடத்தப் பேயஸ் தேற்றத்தின் சூத்திரம்கூட முதலில் தேவையில்லை. ஆட்களை எண்ணினால் போதும். 10,000 பேரில் 50 பேருக்கு ஒரு நோய் இருக்கிறது. நோய் உள்ளவர்களில் 96 விழுக்காட்டினரைப் பரிசோதனை கண்டுபிடிக்கிறது: 48 பேர். நோய் இல்லாத 9,950 பேரில் 4 விழுக்காட்டினருக்குத் தவறாக நோய் இருப்பதாகச் சொல்கிறது: 398 பேர். நோய் இருப்பதாக முடிவு வந்தவர்கள் மொத்தம் 446. அவர்களில் உண்மையில் நோய் உள்ளவர்கள் 48 பேர்; நூற்றுக்குப் பதினொன்று. பரிசோதனை 96 விழுக்காடு சரி என்று சொன்னதும் வகுப்பு முழுக்க '96' என்று எழுதியிருக்கும். 48க்கும் 398க்கும் எதிரெதிரே உட்கார்ந்து அவர்கள் தடுமாற வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். 1763இல் அச்சான பேயஸின் கட்டுரையை, அவர் இறந்த பிறகு, ஒரு நண்பர்தான் இலண்டன் அரச கழகத்துக்கு (ராயல் சொசைட்டி) அனுப்பிவைத்தார். அவரே அவசரப்படாத விஷயத்தில் நாம் அவசரப்படுகிறோம்.

எதை வெட்டுவது என்று கேட்பீர்கள். சொல்கிறேன். இரண்டு பரவற்படிகளை (தரவின் சிதறல் அளவுகளை) ஒப்பிடும் எஃப்-சோதனையை எடுத்துவிடலாம். தரவு இயல்நிலைப் பரவலிலிருந்து சற்று விலகினாலே அது தடம்புரண்டுவிடும். மாறுபாட்டுப் பகுப்பாய்வு (பல குழுக்களின் சராசரிகளை ஒப்பிடுவது) இரண்டாவது தாளுக்குப் போகட்டும். விகிதத்துக்கு ஒன்று, இரண்டு விகிதங்களுக்கு ஒன்று, சராசரிக்கு ஒன்று, இரண்டு சராசரிகளுக்கு ஒன்று என்று தனித்தனிச் சோதனைகளாகப் பட்டியலிடுவதை நிறுத்தலாம். எல்லாம் ஒரே ஆள், தொப்பிதான் வேறு. ஆறு படி முறையையும் மறுபரிசீலனை செய்யுங்கள். புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் 1925இல் இருபதில் ஒன்று என்ற எல்லையை வசதியானது என்றுதான் அறிமுகப்படுத்தினார். பி-மதிப்பு அவருக்கு ஒரு சான்று. நெய்மனும் ஏகன் பியர்சனும் 1933இல் இரண்டு வகைப் பிழைகளை (உண்மையான எடுகோளை மறுப்பது, பொய்யானதை மறுக்காமல் விடுவது) வைத்து முடிவெடுக்கும் முறையைக் கட்டினார்கள். இரு தரப்புக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. நாம் அவர்களைக் கேட்காமலே திருமணம் செய்துவைத்து, அதற்கு ஆறு படி என்று பெயரிட்டிருக்கிறோம்.

சோதனைக்கு ஒரு முகம் வேண்டுமென்றால், அதே ஃபிஷர் 1935இல் எழுதிய நூலில் உள்ள எட்டுக் கோப்பைத் தேநீரை எடுத்துக்கொள்ளலாம். நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். எட்டிலிருந்து நான்கைத் தேர்வதற்கு 70 வழிகள். சும்மா ஊகிப்பவர் எட்டையும் சரியாகச் சொல்ல 70இல் ஒரு வாய்ப்பு. அட்டவணை இல்லை, இயல்நிலைப் பரவல் இல்லை. எண்ணத் தெரிந்தால் போதும். ஐந்து விழுக்காடு எதனுடையது என்பது அங்கே கண்ணுக்கு நேராகத் தெரியும்.

பிற துறைகள் மேலும் சோதனைகளைக் கேட்கின்றன என்று வரைவின் முன்னுரையில் இருக்கிறது. அவர்கள் மாணவர்களுக்கு அவை தேவைப்படும் என்பது உண்மை. ஆனால் ஒரு விளைவும் இல்லாத இடத்தில் இருபது தனித்தனிச் சோதனைகளை ஐந்து விழுக்காட்டில் ஓட்டினால், ஒன்றாவது 'மிகைகாண்' முடிவு தருவதற்கு 64 விழுக்காடு வாய்ப்பு என்பது தெரியாத மாணவர் கையில் இருபது சோதனைகளைக் கொடுத்து அனுப்புவதைவிட ஐந்தைக் கொடுத்து அனுப்புவது அந்தத் துறைகளுக்கும் நல்லது. கணிதத்தைக் குறைக்கச் சொல்கிறேன் என்றும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லாம் கணினி பார்த்துக்கொள்ளும், நிகழ்தகவே வேண்டாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பேரெண் விதியின் நிறுவலை நான் விட்டதே இல்லை.

கடைசியாக வினாத்தாள். பாடத்திட்டம் என்ன சொன்னாலும் மாணவர் படிப்பது வினாத்தாளைத்தான். நாங்கள் நடத்துவதும் அதைத்தான். மொத்த மதிப்பெண்ணில் ஐந்தில் ஒரு பங்கையாவது கணக்கு இல்லாத கேள்விகளுக்கு ஒதுக்குங்கள். போட்டு முடித்த ஒரு கணக்கைக் கொடுத்து, 'இதிலிருந்து இந்த வாக்கியம் வருமா, வராதா, ஏன்?' என்று கேளுங்கள். ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள் இரண்டு, இரண்டுக்கும் பூச்சியமல்லாத நிகழ்தகவு, அவை சார்பற்றவையாக இருக்க முடியுமா என்று கேளுங்கள். (முடியாது. ஒன்று நடந்தால் மற்றது நடக்காது என்பதைவிடப் பெரிய சார்பு என்ன இருக்கிறது? ஆனாலும் பாதி வகுப்பு முடியும் என்றுதான் எழுதும்.) இத்தகைய விடைகளைத் திருத்துவது கடினம் என்பார்கள். கடினம்தான். எனக்கு அந்த வேலையைக் கொடுங்கள், திருத்துகிறேன்.

குழு கூடும் நாளில் அரை மணி நேரம் கொடுத்தால் நேரில் வருகிறேன். உங்களில் பாதிப் பேர் ஒரு நாணயத்தை உண்மையாகவே 100 முறை சுண்டி, தலையா பூவா என்று எழுதுங்கள். மீதிப் பேர் சுண்டாமல், சுண்டியது போல 100 முடிவுகளைக் கற்பனையாக எழுதுங்கள். யார் எந்தப் பக்கம் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். தாள்களைக் கலந்து கொடுங்கள். பெரும்பாலும் சரியாகப் பிரித்துவிடுவேன். உண்மையாகச் சுண்டியவற்றில் ஒரே முகம் ஆறு முறையோ அதற்கு மேலோ தொடர்ந்து வர ஏறத்தாழ 80 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. கற்பனையாக எழுதுபவர்களுக்கு அந்தத் துணிச்சல் வருவதில்லை. இப்போது சொல்லிவிட்டதால் சிலர் வேண்டுமென்றே ஆறு தலை எழுதுவீர்கள். பரவாயில்லை. ஒன்றிரண்டு தாள்களில் நான் தோற்றாலும் அதைப் பற்றிப் பேசுவதற்கே மீதி நேரம் சரியாக இருக்கும். நாணயங்களை நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
இந்தத் தாளைப் பதினாறு ஆண்டுகளாக நடத்திவரும் ஓர் ஆசிரியர்